கொரோனாவின் ஒளியைப் பிரித்து வாசிக்கப்போகும் சோலார்-சி

ஜப்பானின் விண்வெளி முகமையான ஜாக்ஸா, 2028-ஆம் நிதியாண்டில் ஏவும் நோக்கோடு உருவாக்கிவரும் சோலார்-சி என்னும் சூரிய ஆய்வுக்கலத்தில் முதன்மையாக இருக்கப்போவது ஒரே ஒரு தொலைநோக்கிதான். அதன் முதன்மைக் கண்ணாடியின் விட்டம் 28 சென்டிமீட்டர். வானியல் ஆர்வலர்கள் சொந்தப் பணத்தில் வாங்கி மொட்டைமாடியில் நிறுத்திவைக்கும் பெரிய தொலைநோக்கிகளும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். ஆனால் இந்தக் கண்ணாடி குவிக்கும் ஒளி, தலைமயிரைவிட மெல்லிய ஒரு பிளவின் வழியாகப் புகுந்து, அலைநீளம் வாரியாகப் பிரிந்து, கோடு கோடாகப் பதிவாகப்போகிறது. சூரியனின் வெளிப்புறப் படலமான கொரோனா ஏன் பத்து லட்சம் பாகைக்கு மேல் கொதிக்கிறது, சூரியனிலிருந்து விண்வெளிக்குள் ஓயாமல் பாயும் துகள் ஓட்டமான சூரியக் காற்று அதிலிருந்து எப்படிப் புறப்படுகிறது, சில நிமிடங்களுக்குள் சூரிய வெடிப்புகள் எப்படி மூள்கின்றன என்ற மூன்று கேள்விகளையும் அந்தக் கோடுகளை வைத்தே அணுகுவது என்பதுதான் இத்திட்டம். கடந்த முப்பது ஆண்டுகளில் சூரியனின் படங்கள் வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமாகிவிட்டன. படம் கிடைத்த வேகத்துக்கு விளக்கம் கிடைக்கவில்லை. இந்த இடைவெளிதான் சோலார்-சியின் வடிவமைப்பைத் தீர்மானித்திருக்கிறது.

கொரோனாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அடுப்பு உவமையைத் தொடாமல் போவதில்லை: அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறைய வேண்டும், சூரியனிலோ கூடுகிறது. உவமையில் தவறில்லை. கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிமண்டலத்தின் வெப்பநிலை சுமார் 5,500 பாகை செல்சியஸ். அதற்கு மேலே சில ஆயிரம் கிலோமீட்டர் போவதற்குள் அது பத்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஆயினும் இந்த உவமையைக் கேட்பவருக்கு, ஏதோ பிரம்மாண்டமான ஆற்றல் கொரோனாவுக்குள் கொட்டப்படுகிறது என்ற எண்ணம் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒளிமண்டலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சுமார் 6.3 கோடி வாட் ஆற்றல் வெளியேறுகிறது. அமைதியான பகுதிகளில் கொரோனாவைச் சூடு குறையாமல் வைத்திருக்கத் தேவைப்படுவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 வாட், அதாவது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. கரும்புள்ளிகளைச் சூழ்ந்து காந்தப்புலம் செறிந்திருக்கும் செயல்மிகு பகுதிகளில்கூட 10,000 வாட் அளவு போதும். கொரோனா அவ்வளவு நெகிழ்ந்த வாயு. நாம் மூச்சுவிடும் காற்றைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேலாக அடர்த்தி குறைந்தது. வெப்பநிலை எகிறியிருந்தாலும், அதில் அடங்கியிருக்கும் வெப்பத்தின் மொத்த அளவு சொற்பம்.

ஆகவே ஆற்றல் போதுமா என்று எவரும் கவலைப்படவில்லை. மேற்பரப்புக்குக் கீழே புரண்டுகொண்டிருக்கும் பிளாஸ்மாவின், அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவின், இயக்கத்தில் தேவைக்கு மிஞ்சியே ஆற்றல் இருக்கிறது. அதைக் காந்தப்புலம் மேலே கொண்டுபோகிறது என்பதிலும் இன்று பெரிய சர்ச்சை இல்லை. மேலே போன ஆற்றல் எந்த உயரத்தில், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எந்த வழியில் வெப்பமாக மாறுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு தரப்பு, 1942-இல் ஹான்னஸ் ஆல்வேன் கணித்த காந்த அலைகள் காந்தப்புலக் கோடுகளின் வழியே ஏறிச் சென்று, மேலே சிதைந்து வெப்பமாகின்றன என்கிறது. இன்னொரு தரப்பு, 1988-இல் யூஜின் பார்க்கர் முன்வைத்த கருத்தைப் பின்பற்றுகிறது: காந்தப்புல இழைகளின் அடிப்பகுதிகளை மேற்பரப்பின் கொந்தளிப்பு இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டே இருப்பதால் அவை ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னிக்கொண்டு, ஒரு கட்டத்தில் அறுந்து வேறு விதமாக இணைகின்றன, அப்படி இணையும்போதெல்லாம் ஒரு சிறு வெடிப்பு நிகழ்கிறது. பெரிய சூரிய வெடிப்பின் நூறு கோடியில் ஒரு பங்கு ஆற்றலையே கொண்டிருக்கும் என்பதால் இவற்றுக்கு நானோ வெடிப்புகள் என்று பெயர் வந்தது. இரண்டுமே நடக்கலாம், எந்த இடத்தில் எது எவ்வளவு என்பதை அளந்து சொல்ல வேண்டும். அளப்பதற்குப் படம் போதாது.

கொரோனாவின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் வேலை சூரிய கிரகணங்களோடு தொடங்கியது. அதன் முதல் சில ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சென் குண்டூரிலிருந்தும், சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியோடு கவனித்தார்கள். பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் மஞ்சள் கோடு அந்தக் கிரகணத்தில்தான் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தின்போது சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் ஆகிய இருவரும் தனித்தனியே, கொரோனாவின் ஒளியில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். 1871 டிசம்பர் 12 அன்று ஜான்சென் மறுபடியும் வந்தார். இந்த முறை நீலகிரியில் உள்ள சோலூருக்கு. சூரிய மேற்பரப்பின் ஒளியில் காணப்படும் கருங்கோடுகள் மங்கலாகக் கொரோனாவின் ஒளியிலும் இருப்பதை அங்கே கண்டு, அந்த ஒளியின் ஒரு பகுதி சூரிய மேற்பரப்பின் ஒளியே சிதறி வருவது என்று முடிவுகட்டினார்.

பச்சைக் கோடுதான் எல்லோரையும் நீண்ட காலம் அலைக்கழித்தது. 530.3 நானோமீட்டர் அலைநீளத்தில் இருந்த அந்தக் கோடு, ஆய்வகத்தில் எந்தத் தனிமத்தைச் சூடாக்கியும் வரவில்லை. ஹீலியம் போலவே இதுவும் பூமியில் இல்லாத புதிய தனிமமாக இருக்கலாம் என்று கருதி அதற்குக் கொரோனியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1939-இல் வால்டர் குரோட்ரியன் காட்டிய தடத்தில் சென்று, ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் பெங்க்ட் எட்லென் 1940-களின் தொடக்கத்தில் விடை சொன்னார்: அந்தக் கோடு நமக்கு நன்றாகத் தெரிந்த இரும்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த இரும்பு, தன்னிடமுள்ள 26 எலக்ட்ரான்களில் 13-ஐ இழந்த நிலையில் இருக்கிறது. பாதி எலக்ட்ரான்களைப் பிடுங்கிப்போடும் அளவுக்கு அணுக்கள் மோதிக்கொள்ள வேண்டுமென்றால் வெப்பநிலை பத்து லட்சம் கெல்வினைத் தாண்டியிருக்க வேண்டும். கொரோனா அவ்வளவு சூடானது என்ற செய்தியே இப்படி ஒரு கோட்டை அடையாளம் கண்டதன் வழியாகத்தான் உறுதியாயிற்று. எந்த வெப்பமானியும் அங்கே போகவில்லை.

கோடு என்று இங்கே சொல்வதை வீட்டிலேயே பார்க்கலாம். வேண்டாத ஒரு பழைய குறுந்தகட்டை எடுத்து, இருட்டிய அறையில் எரியும் டியூப் லைட்டின் ஒளியைச் சாய்வாக அதன் பளபளப்பான பக்கத்தில் விழவைத்துப் பார்த்தால், வானவில்லைப் போலத் தொடர்ச்சியான நிறப்பட்டைக்குப் பதிலாக, பச்சையும் சிவப்பும் ஊதாவும் இடைவெளி விட்டுத் தனித்தனி விளக்குகளாகத் தெரியும். குண்டு பல்பைப் பார்த்தால் இடைவெளியே இருக்காது. தகட்டில் 1.6 மைக்ரான் இடைவெளியில் ஓடும் தடங்கள் ஒளியை அலைநீளவாரியாக வெவ்வேறு திசைகளில் திருப்பிவிடுகின்றன. குழலுக்குள் இருக்கும் பாதரச ஆவியும் பூச்சும் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் ஒளிர்வதால் அந்த இடைவெளிகள் தோன்றுகின்றன. சோலார்-சியில் இருக்கும், நெருக்கமான கீற்றுகள் கொண்ட கீற்றணி செய்வதும் இதே வேலைதான், பல ஆயிரம் மடங்கு கச்சிதமாக.

சூடான கொரோனாவின் ஒளியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இல்லை. இலட்சக்கணக்கான பாகையில் இருக்கும் அயனிகள், அதாவது எலக்ட்ரான்களை இழந்த அணுக்கள், அதிபுற ஊதாக் கதிர்களிலும் எக்ஸ் கதிர்களிலும்தான் செறிவாக ஒளிர்கின்றன. இது ஆய்வாளருக்கு ஒரு வசதி: அந்த அலைநீளங்களில் ஒளிமண்டலம் ஏறக்குறைய இருண்டிருப்பதால், கிரகணத்துக்குக் காத்திருக்காமலும் சூரியனின் வட்டத்தை மறைக்காமலும், வட்டத்துக்கு மேலேயே கொரோனாவைப் பார்க்கலாம். அதே கதிர்களை நம் வளிமண்டலம் முழுவதுமாக விழுங்கிவிடுகிறது என்பதால் விண்வெளிக்குப் போயே ஆக வேண்டும்.

ஒரே ஒரு கோட்டிலிருந்து எவ்வளவு படிக்க முடியும் என்பதற்கு, 19.51 நானோமீட்டரில் இருக்கும் புகழ்பெற்ற இரும்புக் கோட்டை எடுத்துக்கொள்வோம். இது 11 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் கோடு. அந்த நிலையில் இரும்பு மிகுதியாக இருப்பது சுமார் 15 லட்சம் கெல்வினில். எனவே கோடு இருக்கிறது என்பதே வெப்பநிலையைச் சொல்லிவிடுகிறது. வாயு நம்மை நோக்கி நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், டாப்ளர் விளைவால் கோடு 0.00065 நானோமீட்டர் நகரும். இந்த நகர்வைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கருவி நிலையாக இருக்க வேண்டும். (சூரியனில் வாயு ஓடுவதைக் கோடுகளின் நகர்விலிருந்து பிடிக்கும் கலைக்கு நமக்குத் தெரிந்த ஒரு முகவரி உண்டு: 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது கொடைக்கானல் வானாய்வகத்தில்தான்.) அடுத்து கோட்டின் அகலம். 15 லட்சம் கெல்வினில் ஓர் இரும்பு அயனி, வெப்பத்தால் மட்டும், நொடிக்குச் சுமார் 21 கிலோமீட்டர் வேகத்தில் இங்குமங்கும் பாயும்; அதனால் கோடு ஓரளவு அகலமாகத்தான் இருக்கும். ஆனால் அளந்து பார்க்கும்போது கோடு அதைவிடவும் அகலமாக இருக்கிறது. இந்த மிகுதி அகலத்துக்குக் காரணம், கருவியால் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குச் சிறிய இடத்துக்குள் வாயு முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருப்பது. அந்த அசைவு அலையா, கொந்தளிப்பா, சிறு வெடிப்புகளிலிருந்து பீறிடும் ஓட்டங்களா என்பதில்தான் மேலே சொன்ன இரு தரப்புகளின் வழக்கும் அடங்கியிருக்கிறது.

அதே இரும்பு அயனி 18.69 நானோமீட்டரிலும் ஒளிர்கிறது. இவ்விரண்டு கோடுகளின் வெளிச்ச விகிதம் வாயுவின் அடர்த்திக்கேற்ப மாறும் என்பதால், அடர்த்தியும் கிடைத்துவிடுகிறது. வெவ்வேறு தனிமங்களின் கோடுகளை ஒப்பிட்டால் வாயுவின் சேர்க்கை தெரியவரும். இரும்பு, சிலிக்கன், மெக்னீசியம் போல எளிதில் எலக்ட்ரானை இழக்கும் தனிமங்கள், மேற்பரப்பில் இருப்பதைவிடக் கொரோனாவின் சில பகுதிகளில் மூன்று நான்கு மடங்கு மிகுதியாக இருக்கின்றன. விண்கலம் ஒன்று தன்னைக் கடந்துபோகும் சூரியக் காற்றில் இந்த விகிதத்தை அளந்தால், அந்தக் காற்று சூரியனில் எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று தேடிப்போக முடிகிறது. படம் மட்டும் எடுக்கும் தொலைநோக்கி இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே வெளிச்சமாகக் காட்டும். ஓரிடம் பிரகாசமானால், அது சூடானதா, அடர்ந்ததா, வெறுமனே நம் பார்வைக் கோட்டில் இரண்டு வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தனவா என்று படத்தை வைத்துச் சொல்வது கடினம்.

இவ்வளவு பயனுள்ள கருவி இதுவரை போகவில்லையா என்றால், போயிருக்கிறது. 1995-இல் ஏவப்பட்ட சோஹோ என்ற சூரிய ஆய்வுக்கலத்தில் நிறமாலைமானிகள் இருந்தன. 2006 செப்டம்பரில் ஜப்பான் அனுப்பிய ஹினோடே, 17 முதல் 21 வரையும் 25 முதல் 29 வரையுமான நானோமீட்டர் பட்டைகளில் கொரோனாவைப் பிரித்துப் பார்த்தது. 2013-இல் நாசா அனுப்பிய ஐரிஸ், 0.33 விகலை அளவுக்கு நுட்பமாகப் பார்க்கிறது; கோண அளவில் ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கான விகலை என்பது சூரியப் பரப்பில் ஏறத்தாழ 725 கிலோமீட்டர். 2020-இல் கிளம்பிய ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டரிலும் ஒரு நிறமாலைமானி உண்டு. ஆனால் இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. ஐரிஸின் கூர்மை முதன்மையாகக் கொரோனாவுக்குக் கீழே இருக்கும் நிறமண்டலத்துக்கும், 80,000 கெல்வின் வரையிலான இடைநிலைப் பகுதிக்கும் உரியது. சூரிய வெடிப்பின்போது ஒரு கோடி கெல்வின் கோடு ஒன்றும் அதில் தெரியும். ஹினோடேயின் நிறமாலைமானி பெரும்பாலும் பத்து லட்சத்துக்கு அருகிலும் மேலும் இருப்பதைப் பார்க்கிறது, கூர்மையோ ஐரிஸைவிடப் பல மடங்கு குறைவு. நடுவில் இருக்கும் லட்சம் முதல் எட்டு லட்சம் வரையிலான வெப்பநிலைகளைச் சோஹோவின் கருவிதான் நன்றாகப் பார்த்தது. அதுவும் மெதுவாக, ஒரு விகலைக்கும் குறைவான எதையும் பிரித்தறிய முடியாமல்.

இந்த ஓட்டை ஏன் முக்கியம் என்றால், வாயு சூடாகும்போது எந்தப் படியையும் தாண்டிக் குதிப்பதில்லை. 20,000 கெல்வினில் இருந்த ஒரு வாயுத்திரள் பத்து லட்சத்துக்குப் போகும் வழியில் இடைப்பட்ட எல்லா வெப்பநிலைகளையும் கடந்தே ஆக வேண்டும், ஆறும்போதும் அப்படியே. ஒரு விண்கலம் கீழ்ப்படியையும் இன்னொன்று மேல்படியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், கீழே மறைந்த வாயுதானா மேலே தோன்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு கலங்களின் படங்களையும் ஒரு விகலைக்குள் பொருத்தி, நேரத்தையும் நொடிக்கணக்கில் ஒத்திசைத்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில், பொருத்தத்தில் இருக்கும் ஐயத்தை விளக்குவதற்கே பல பத்திகள் செலவாகியிருக்கும்.

சோலார்-சியின் நிறமாலைமானி இந்தப் படிக்கட்டு முழுவதையும் ஒரே பிளவின் வழியாக, ஒரே நேரத்தில் பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 17 முதல் 21.5 நானோமீட்டர் வரை ஒரு பட்டை, 46 முதல் 122 நானோமீட்டர் வரையிலான எல்லைக்குள் பல பட்டைகள். 121.6 நானோமீட்டரில் இருபதாயிரத்துக்குட்பட்ட வெப்பநிலையில் ஒளிரும் ஹைட்ரஜன், 97.7-இல் எண்பதாயிரம் கெல்வினை ஒட்டிய கார்பன், 103.2-இல் மூன்று லட்சத்தைக் காட்டும் ஆக்சிஜன், 77-இல் ஆறு லட்சத்தைக் காட்டும் நியான், 19.5-இல் நாம் மேலே பார்த்த 15 லட்சம் கெல்வின் இரும்பு, 97.5-இல் 17 எலக்ட்ரான்களை இழந்து எழுபது லட்சத்தில் ஒளிரும் இரும்பு, 19.2-இல் 23 எலக்ட்ரான்களை இழந்து 1.8 கோடி கெல்வினில் ஒளிரும் இரும்பு என்று, பத்தாயிரத்திலிருந்து இரண்டு கோடி வரை இடைவெளியின்றிக் கோடுகள் கிடைக்கும். கூர்மை 0.4 விகலை, அதாவது சூரியப் பரப்பில் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிரகாசமான பகுதிகளில் ஒரு நொடி அளவிலான பதிவிலேயே போதுமான ஒளித்துகள்கள் சேர்ந்துவிட வேண்டும் என்பது இலக்கு. ஹினோடேயின் கருவி பல நேரம் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

நானோ வெடிப்பு வழக்கில் இது எப்படி உதவும் என்று சற்று விரித்துச் சொல்லலாம். பார்க்கர் சொன்னபடி ஒரு காந்த இழை திடீரென்று சூடானால், அதன் உள்ளே சில நொடிகளுக்கு எழுபது லட்சம், ஒரு கோடி கெல்வின் அளவிலான வாயு மிகச் சிறிதளவு இருக்க வேண்டும். பிறகு அது ஆறி இறங்கும்போது அடுத்தடுத்த வெப்பநிலைகளில் கோடுகள் வரிசையாகப் பிரகாசமாகி அடங்க வேண்டும். அலைகளால் சூடாகும் இழையில் அந்த அளவுக்கு மிகைச் சூடான வாயுவுக்கு அவசியம் இல்லை. மாறாக, மேலே ஏற ஏறக் கோட்டின் அகலம் ஒரு குறிப்பிட்ட விதத்தில் கூடி, அலை சிதையும் உயரத்தில் குறையத் தொடங்க வேண்டும். எழுபது லட்சம் கெல்வின் இரும்பின் ஒளி செயல்மிகு பகுதிகளில் மிக மங்கலானது என்பதால், இந்தச் சோதனையை இதுவரை அரைகுறையாகத்தான் செய்ய முடிந்தது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: சூடேற்றம் மிக வேகமாக நடந்தால், எலக்ட்ரான்களை இழக்க அயனிகளுக்கு நேரம் போதாது. வாயு ஒரு கோடியைத் தொட்டிருந்தாலும் அயனிகள் இன்னும் பழைய வெப்பநிலைக்குரிய நிலையிலேயே இருக்கும், கோடுகளும் அதையே சொல்லும். அதனால் கோட்டிலிருந்து வெப்பநிலையை நேராகப் படித்துவிடாமல், எதிர்பார்க்கும் நிகழ்வைக் கணினியில் உருவகித்து, அதிலிருந்து வரக்கூடிய கோடுகளைக் கணக்கிட்டு, பதிவான கோடுகளோடு ஒப்பிட வேண்டியிருக்கும். வேலையில் பாதி கணினியில்தான் நடக்கும்.

பெரிய வெடிப்புகளில் இந்தச் சிக்கல் குறைவு, ஒளி தாராளம். காந்தப்புலம் அறுந்து மறுபடி இணையும் இடத்திலிருந்து இரு பக்கமும் வாயு நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறது. அந்தப் பாய்ச்சலின் வேகம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நொடியில் அளக்கப்பட்டால், மறு இணைப்பு அவ்வளவு வேகமாக நடப்பதற்கான காரணத்தைப் பற்றிய கணக்குகளுக்கு முதன்முறையாக ஓர் உரைகல் கிடைக்கும். 2024 மே 10, 11 தேதிகளில் லடாக்கின் ஹான்லேயிலிருந்தே துருவ ஒளி தெரியும் அளவுக்குப் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கிய புயலுக்குப் பின்னால் இருந்தவை, ஒரே செயல்மிகு பகுதியிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய இத்தகைய வெடிப்புகளும், பிளாஸ்மாத் திரளை வெளியே வீசும் நிறை உமிழ்வுகளும்தான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும், அது சிறிய குறை இல்லை. பிளவு என்பது ஒரு மெல்லிய கோடு. ஒரு நேரத்தில் அந்தக் கோட்டில் விழும் சூரியப் பகுதியை மட்டுமே பிரித்துப் பார்க்க முடியும். ஒரு பரப்பை முழுவதும் பார்க்க, கண்ணாடியை இம்மி இம்மியாகத் திருப்பிப் பிளவைச் சூரியனின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சோலார்-சி பார்க்கப்போகும் பகுதியின் பக்கம் ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர், இதை 0.4 விகலைப் படிகளாக நகர்ந்து கடக்க 700 படிகள் வேண்டும், படிக்கு ஒரு நொடி என்றாலும் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகிவிடும். வெடிப்பு பிளவுக்குப் பக்கத்தில் நடந்து முடிந்துபோனது என்ற புலம்பல் இத்துறையில் பழையது. நாசா 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த மியூஸ் என்ற கலம் இதற்கு வேறு வழியைத் தேடுகிறது: அதில் 35 பிளவுகள் இருக்கும், ஒரு செயல்மிகு பகுதியைச் சில நொடிகளில் துழாவிவிடும்; ஆனால் அது பார்க்கப்போவது ஒருசில கோடுகளை மட்டுமே. ஒன்றிடம் வேகம், மற்றதிடம் ஆழம். இரண்டும் ஒரே காலத்தில் விண்ணில் இருந்தால்தான் இரண்டுக்கும் முழுப் பயன் என்பது என் எண்ணம்.

இந்தியாவின் ஆதித்யா-எல்1 கலத்தோடு சோலார்-சியை ஒப்பிடும் ஆவல் நமக்கு இயல்பாக எழும். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யாவில், இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கொரோனாமானி, சூரிய வட்டத்தைச் செயற்கையாக மறைத்துக்கொண்டு விளிம்புக்கு வெளியே இருக்கும் கொரோனாவைப் பார்க்கிறது. அது பிரித்துப் பார்க்கும் கோடுகளில் ஒன்று, 1869-இல் கண்ட அதே 530.3 நானோமீட்டர் பச்சைக் கோடு. சோலார்-சி வட்டத்தின் மேலேயே, கொரோனாவின் வேரில் வேலை செய்யும். இரண்டும் போட்டியாளர்கள் ஆவதற்கு இடமில்லை.

பொறியியல் பக்கம் போனால், கவலைக்குரிய விஷயங்கள் பெரும்பாலும் சில்லறைத்தனமாகத் தோன்றுபவை. முந்தைய அதிபுற ஊதாத் தொலைநோக்கிகளின் வாயிலில் மெல்லிய அலுமினியப் படலம் ஒன்று இருக்கும். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் வெப்பத்தையும் தடுத்துவிடும். ஆனால் 80 நானோமீட்டரைத் தாண்டிய அலைநீளங்களை அலுமினியம் விடாது. 122 வரை பார்க்க வேண்டுமென்றால் அந்தத் திரையைப் போட முடியாது. அப்போது சூரியனின் முழு வெளிச்சமும், 28 சென்டிமீட்டர் கண்ணாடிக்கு ஏறத்தாழ 84 வாட், நேராக அதன் மேல் விழும். மாலிப்டினமும் சிலிக்கனும் மாறி மாறிப் பூசப்பட்ட பன்மடிப் படலங்கள் 20 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய அலைநீளங்களை நேராகத் திருப்பி அனுப்பக்கூடியவை. சூட்டில் கண்ணாடி நெளிந்தால் 0.4 விகலை என்பது காகிதத்தோடு நின்றுவிடும். இதைவிட நயவஞ்சகமானது அழுக்கு. பசை, கம்பி உறை, பெயிண்ட் போன்றவற்றிலிருந்து வெற்றிடத்தில் கசியும் கரிம ஆவி கண்ணாடியில் படிந்து, புற ஊதாக் கதிர் பட்டுக் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும்; கண்ணுக்கே தெரியாத சில நானோமீட்டர் படிவும் ஒளியின் கணிசமான பங்கைத் தின்றுவிடும். எனவே கலத்துக்குள் போகும் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு ஆவியை விடுகிறது என்று அளந்து பார்த்த பிறகே அனுமதிக்கப்படுகிறது.

வேலை பல நாடுகளில் பங்கிடப்பட்டிருக்கிறது. தொலைநோக்கியும் கலமும் ஜப்பானுடையவை. நாசா 2020 டிசம்பர் 29 அன்று 5.5 கோடி டாலர் ஒதுக்கிப் பங்கேற்பை அறிவித்தது. உணரிகளும் அவற்றைச் சார்ந்த மின்னணுக் கருவிகளும் வாஷிங்டனில் உள்ள கடற்படை ஆய்வகத்தின் தலைமையில் வருகின்றன. நிறமாலைமானியில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி ஆகியவற்றின் பங்கு இருக்கிறது. சூரியனின் மொத்தப் புற ஊதா வெளிச்சத்தை அளக்கும் ஒரு சிறு துணைக்கருவி சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறது. கலம் 600 கிலோமீட்டருக்கு மேலான துருவச் சுற்றுப்பாதையில், ஆண்டின் பெரும்பகுதி பூமியின் நிழல் படாதவாறு சுற்றும்.

எல்லாவற்றையும் விட ஏவுகலன்தான் இப்போது கேள்விக்குறி. சோலார்-சிக்காகக் குறிக்கப்பட்டது எப்சிலான்-எஸ் என்ற திட எரிபொருள் ஏவுகலன். அதன் இரண்டாம் கட்ட இயந்திரம் 2023 ஜூலை 14 அன்று அக்கிதா மாகாணத்தின் நோஷிரோவில் நடந்த தரைச் சோதனையில் வெடித்தது. திருத்தங்கள் செய்த பின், 2024 நவம்பர் 26 அன்று தானேகாஷிமாவில் நடந்த மறுசோதனையிலும் வெடித்தது. இத்தனைக்கும் ஹினோடேயைத் தூக்கிச் சென்றதும் திட எரிபொருள் ஏவுகலன்தான். எம்-5 என்ற அந்த வரிசையின் கடைசிப் பயணமே அதுதான்.

தாமதமானால் சூரியன் ஓய்ந்துவிடுமோ என்ற கேள்வி எழும். சூரியனின் செயல்பாடு ஏறத்தாழ பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்; இப்போதைய 25-ஆம் சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-ஐ ஒட்டி வந்துவிட்டதால், 2028-இல் சூரியன் இறங்குமுகத்தில்தான் இருக்கும். ஆனால் பெருவெடிப்புகளுக்கு உச்ச ஆண்டே வேண்டும் என்பதில்லை. 2003 அக்டோபர் இறுதியில் வந்த பெரும் புயல்களும், 2017 செப்டம்பரின் வலிமையான வெடிப்பும் இறங்குமுகத்தில்தான் நிகழ்ந்தன. கொரோனா சூடாவதையும் சூரியக் காற்று கிளம்புவதையும் ஆராய்வதற்கு அமைதியான சூரியனே சில வகையில் வசதி, ஏனென்றால் பார்வைக் கோட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழும் வளைவுகள் அப்போது குறைவு.

பெயரைப் பற்றி ஒன்று. ஜப்பானியர் தம் அறிவியல் கலங்களுக்கு, அவை நல்லபடியாகச் சுற்றுப்பாதையை அடைந்த பிறகே பெயர் சூட்டுவது வழக்கம், அதுவரை குறியீடுதான். 1991-இல் போன சோலார்-ஏ, சூரியக்கதிர் என்று பொருள்படும் யோக்கோ ஆனது. சோலார்-பி, சூரிய உதயம் என்று பொருள்படும் ஹினோடே ஆனது. இது இன்னும் சோலார்-சியாகவே இருக்கிறது.